சுபம் ஹாலில் சிரிக்கிறவள்

பெரும்பாக்கம்
6 ஜனவரி 2025

ஸ்ரீரஞ்சனி மேடத்துக்கு,

என் பெயர் கயல். தி. நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையில், முகூர்த்தப் புடவைப் பிரிவில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது. துறைமுகத்துக்கு எதிரே 'ஹார்பர் டாக்கீஸ்' என்று சினிமா ஹோட்டல் திறந்திருக்கிறார்களே, அவர்களுடைய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் "வரலாறும் எழுத்தும்: ஸ்ரீரஞ்சனி வேதாந்தம், மயிலாப்பூர்" என்று விலாசத்தோடு போட்டிருந்தது. அதனால் இந்தக் கடிதம் உங்களுக்கு வருகிறது.

போன சனிக்கிழமை ஒரு பெண் வீட்டார் கடைக்கு வந்தார்கள். உங்கள் புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்து, "இந்தப் படத்துல இருக்கற மாதிரி பழைய காலத்து அரக்கு பார்டர் எடும்மா" என்றார்கள். எடுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததை அவர்கள் எதிரிலேயே நான்கு தடவை படித்தேன். இப்போது எனக்கு மனப்பாடம்.

"துறைமுகம் பார்த்த இந்தக் கூடத்தில் 1982-இல் நடந்த முதல் திருமணம். எட்டணா அகலக் குங்குமமும் மார்பு நிறைந்த மாலையுமாக வாய்விட்டுச் சிரிக்கும் இந்த மணப்பெண் யார் என்பது தெரியவில்லை. மணமகன் பெயரும் தெரியவில்லை. மாலையைப் பிடித்திருக்கும் ஒரு கை மட்டுமே காணக் கிடைக்கிறது."

மேடம், அது யார் என்று எனக்குத் தெரியும். என் அம்மா முனியம்மாள். அந்தப் படத்தில் அவள் மணப்பெண் இல்லை. பிணம்.

அப்போது அம்மாவுக்கு இருபத்திரண்டு வயசு. சினிமாவில் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். கூட்டத்தில் நிற்பாள், குடம் தூக்கிக்கொண்டு போவாள். ஆனால் அவளைத் தேடி வந்து கூப்பிட்டது பிணமாகப் படுக்கத்தான். ஒன்றரை நிமிஷம் மூச்சை அடக்குவாள், இமை ஆடாது. நெற்றியில் இருப்பது குங்குமம் இல்லை, எட்டணாவேதான். செத்தவர்கள் நெற்றியில் காசு வைப்பார்கள் அல்லவா? உருண்டு விழாமல் இருக்க மீசை ஒட்டுகிற பசையால் ஒட்டியிருந்தார்களாம். படத்துக்குக் கலர் அடித்தவர் அதன் மேல் சிவப்பு பூசிவிட்டார். தாடையைக் கட்டின வெள்ளைத் துணியை அவிழ்த்துக் கழுத்தில் விட்டிருக்கிறாள். அதைத் தங்கச் சங்கிலியாக்கிவிட்டார். மேல் வரிசையில் பாதி உடைந்த பல்லை மட்டும் யாரும் சரி பண்ணவில்லை. அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான்.

எனக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். கலர் அடிக்காத, வெட்டாத அசல் படம் வேண்டும். எழுதினதைத் திருத்த வேண்டும். அசல் சீக்கிரம் வேண்டும்.

இப்படிக்கு,
மு. கயல்


மயிலாப்பூர்
10 ஜனவரி 2025

திருமதி கயல் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. பதினோரு மாதம் உழைத்து எழுதிய புத்தகத்தில், எல்லோருக்கும் பிடித்த ஒரே படத்தைப் பிணம் என்று ஒருவர் எழுதினால் யாருக்குத்தான் வராது?

அந்தக் கட்டடத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷரஃபுதீன் என்பவர் கப்பல்களுக்குக் கோழி, முட்டை, காய்கறி சப்ளை செய்தவர். 1961-இல் மாலுமிகள் தங்க மூன்று மாடியில் ஒரு லாட்ஜ் கட்டினார். மாலுமிகள் வருவது குறைந்த சமயத்தில், வெளிநாட்டுத் துறைமுகம் தேடி ஒரு படக்குழு வந்தது. மொட்டை மாடியில் நான்கு பிளாஸ்டிக் பனைமரம், பின்னால் நிஜக் கப்பல், நிஜ கிரேன். சிங்கப்பூர் தயார். அதன் பிறகு பல வருஷம் நம் கதாநாயகர்கள் பினாங்குக்கும் கொழும்புக்கும் போய் இறங்கியதெல்லாம் அந்த மொட்டை மாடியில்தான். முதல் மாடிக் கூடம் ஒரு நாள் கோர்ட்டாக இருக்கும், மறுநாள் ஆஸ்பத்திரியாக இருக்கும். தொண்ணூறுகளில் மூடி, கிடங்காகி, மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய பேரன் ஹம்மாத் அதை மறுபடி எடுத்துக் கட்டினார். வரவேற்பறைக்கு 'டைட்டில்', சாப்பாட்டுக் கூடத்துக்கு 'இடைவேளை', அந்த முதல் மாடிக் கல்யாணக் கூடத்துக்கு 'சுபம்' என்று பெயர் வைத்தார்.

எனக்கு ஆதாரமாகக் கிடைத்தது ஒரு பிஸ்கட் டின் நிறையப் போட்டோ. மூடியில் 1982 என்று கீறியிருந்ததைத் தவிர ஒரு துண்டுக் காகிதம்கூட உடன் இல்லை. மாலை, பொட்டு, சிரிப்பு என்று பார்த்தால் கல்யாணம் என்றுதானே யாரும் எழுதுவார்கள்? உங்களுக்கு முன் மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஒருவருக்கு அது அவருடைய சித்தி, இன்னொருவருக்குப் பக்கத்து வீட்டு மாமி. ஹோட்டல்காரர்களிடம் ஏதேனும் எதிர்பார்த்து எழுதியிருந்தால், நேராக ஹம்மாதிடமே பேசுவது நல்லது. என்னிடம் பேச விரும்பினால் என் கைபேசி எண்ணைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

ஸ்ரீரஞ்சனி


பெரும்பாக்கம்
17 ஜனவரி 2025

மேடம்,

போனில் பேசமாட்டேன். போனில் நீங்கள் இனிக்க இனிக்கப் பேசுவீர்கள், நானும் சரி சரி என்று வைத்துவிடுவேன். புடவைக் கடையில் இருக்கிறவளுக்கு அந்த மாதிரிப் பேச்சின் வேலை தெரியும். எழுத்தில் இருக்கட்டும்.

"ஏதேனும் எதிர்பார்த்து" என்று எழுதினீர்களே, அந்த வரியைப் படித்துவிட்டுப் பொங்கல் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆமாம், எதிர்பார்க்கிறேன். என் அம்மா பிழைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். விஷயத்தை முழுசாகச் சொல்லாதது என் தப்புதான். சொல்கிறேன்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், ஷாட் முடிந்ததும் அந்த மாலையோடு எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதை ஒரு படம் எடுப்பார்கள், பூசணிக்காய் உடைப்பார்கள். பிறகுதான் வீட்டுக்கு விடுவார்கள். கேமராவுக்கு முன்னால் செத்தவர் கேமராவுக்கு முன்னால் எழுந்தாக வேண்டும். அம்மா பத்தொன்பது தடவை செத்து, பதினெட்டுத் தடவை எழுந்தவள். கடைசித் தடவை அந்த லாட்ஜில். வெளிச்சம் போகிறது என்று ஒரே அவசரமாம். அம்மா எழுந்து சிரித்தாள். ஆனால் போட்டோக்காரர் அம்பி, "ரோல் முடிஞ்சுபோச்சும்மா" என்று சொல்லிவிட்டார். அதோடு எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடிவிட்டார்கள்.

அதிலிருந்து ஐந்தாவது மாசம் என் அப்பா இறந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கப்பலுக்குள் கால் தவறி விழுந்தார். எனக்கு இரண்டு வயசு. அவர் முகம் எனக்கு ஞாபகம் இல்லை, வீட்டில் படமும் இல்லை. அம்மா சினிமாவை விட்டுவிட்டு அடையாறில் வீட்டு வேலைக்குப் போனாள். கோட்டூர்புரம் ஆற்றங்கரையில் இருந்த எங்கள் குடிசையை எடுத்துவிட்டு எங்களை இங்கே பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். எது நடந்தாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: "கேமரா பாத்துச்சு நான் செத்தத. எய்ந்தத பாக்கல. அதான் உங்க நைனாவ இட்டுகினு போச்சு."

அம்மாவுக்கு இப்போது இதய வால்வில் கோளாறு. ஆபரேஷன் பண்ணினால் பிழைப்பாள் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். போன தடவை டிராலியில் படுக்க வைத்து, துணியை நெஞ்சு வரைக்கும் இழுத்தார்கள். உடனே இறங்கி நடந்து வெளியே வந்துவிட்டாள். "ஒரு வாட்டி படுத்து ஒயுங்கா எய்ந்துக்கல. இன்னொரு வாட்டி படுத்தா அவ்ளோதான்." படுத்துத் தூங்குவதையே நிறுத்திவிட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் கண்ணை மூடுகிறாள். அடுத்த தேதி பிப்ரவரி 11. அதையும் விட்டால் மூன்று மாசம் ஆகும் என்கிறார்கள். மூன்று மாசம் தாங்காது என்றும் அவர்களேதான் சொல்கிறார்கள்.

உங்கள் புத்தகத்துப் பக்கத்தைக் கலர் ஜெராக்ஸ் எடுத்துவந்து காட்டினேன். எட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "மூஞ்சி என்னுதுதான். ஆனா கல்யாணம்னு போட்டுகீதே. பொட்டு வெச்சிகீது, செயின் கீது. அது வேற இன்னாவோ படம். அன்னிக்கு எனுக்குக் கால் கட்டை விரல சேத்துக் கட்டியிருந்தாங்க. கட்டு எங்க?" என்றாள். போனில் யாராவது அசலைப் படம் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். "போன்ல இப்ப செத்தவனயே சிரிக்க வெக்கிறானுங்க. பேப்பர்ல கொண்டா" என்று சொல்லிவிட்டாள்.

அசல் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். நானே போய் வாங்கிக்கொள்கிறேன்.

கயல்


மயிலாப்பூர்
22 ஜனவரி 2025

அன்புள்ள கயல்,

உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் காலையே ஹோட்டலுக்குப் போனேன். அசல் அங்கேதான் இருக்கிறது. சுபம் ஹால் வாசலில், கலர் படத்துக்குப் பக்கத்தில் சின்னதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதிலும் முழுப் படம் தெரியாது. சட்டத்துக்குள் நான்கு பக்கமும் அட்டை வெட்டிவைத்து மறைத்திருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழேயும் ஒரு ஓரமும் அட்டைக்குள் போய்விட்டன. பிஸ்கட் டின்னிலிருந்து டிசைன் செய்தவரிடம் மொத்தமாகக் கொடுத்தேன். அவர் வெட்டி அனுப்பியதை வைத்துத்தான் எழுதினேன். வரலாறு எழுதுகிறவள் என்று பெயர். அட்டையைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

பூதக்கண்ணாடி எடுத்துப் போயிருந்தேன். பொட்டுக்கு ஒரு விளிம்பு இருக்கிறது. அந்த விளிம்புக்கு நெற்றியில் ஒரு நிழலும் இருக்கிறது. குங்குமத்துக்கு நிழல் விழாது. அதற்கு மேல் நான் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.  முதல் கடிதத்துக்கு நான் எழுதிய பதிலுக்காக வெட்கப்படுகிறேன். மன்னித்துவிடுங்கள்.

ஹம்மாதிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "மேடம், தை மாசத்துல மட்டும் பதினொரு கல்யாணம். வர்ற பொண்ணு மாப்பிள்ளை எல்லாரும் அந்தப் படத்துகிட்ட நின்னு செல்ஃபி எடுத்துட்டுத்தான் மேடை ஏறுறாங்க. அது ராசியான படம்னு ஆயிடுச்சு. இப்பக் கழட்டினா ஏன்னு கேப்பாங்க. தெரிஞ்சா ஹாலை இழுத்து மூட வேண்டியதுதான். ஏப்ரல்ல தாராளமா எடுத்துட்டுப் போங்க." பிப்ரவரி பதினொன்று என்று சொல்லிப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, என் தம்பி பிரணவுக்கு அந்த ஹாலில்தான் ரிசப்ஷன். நான் புத்தகம் எழுதியதற்காக ஹம்மாத் ஒதுக்கிக் கொடுத்த தேதி. என் அப்பா ராகு காலம் பார்க்காமல் பால் பாக்கெட் வாங்கக்கூட இறங்கமாட்டார். அவருக்கு இது தெரிந்தால் அந்தப் படியே ஏறமாட்டார். ரிசப்ஷன் முடியட்டும் கயல். மறுநாள் பத்தாம் தேதி காலையில் எப்படியாவது எடுத்து வந்துவிடுகிறேன். இப்போதைக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்.

ஸ்ரீரஞ்சனி


பெரும்பாக்கம்
27 ஜனவரி 2025

மேடம்,

எப்படியாவது என்கிற வார்த்தையை நானும் தினம் பத்து தடவை சொல்கிறேன். "எப்படியாவது அதே கலர் வரவழைச்சுத் தர்றோம் சார்" என்பேன். வராது.

அம்மாவுக்கு நேற்று காலில் நீர் கோத்துவிட்டது. மூன்றாம் மாடி ஏறி வர நாற்பது நிமிஷம். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்தாள். ஐந்தாம் தேதி பெரியாஸ்பத்திரி இதய வார்டில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். சேருவாள். படுக்கமாட்டாள்.

உங்கள் வீட்டு விசேஷம் நல்லபடி நடக்கட்டும். உங்கள் தம்பியும் அவர் மனைவியும் என் அம்மாவோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளட்டும். ஆசீர்வாதம் பண்ண அவள் பதினொன்றாம் தேதிக்கு அப்புறமும் இருந்தால் நல்லதுதான்.

இனிமேல் எழுதாதீர்கள். உங்கள் எழுத்து அழகாக இருக்கிறது. எனக்குப் படிக்கப் பொறுமை இல்லை.

கயல்


மயிலாப்பூர்
10 பிப்ரவரி 2025

கயல்,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது கடிதம் இல்லை, இந்தப் பையோடு வரும் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு அட்டைகளுக்கு நடுவே அசல் படம் இருக்கிறது.

ரிசப்ஷன் முடியும்வரை காத்திருப்பதாகத்தான் போனேன். ஐந்து மணிக்கே போய் வாசலில் நின்றுகொண்டேன். வந்தவர்கள் எல்லோரும் உங்கள் அம்மாவோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எதிலும் கண் போகவில்லை. யார் வணக்கம் சொன்னார்கள், யாருக்குப் பதில் சொன்னேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. ஆறரைக்குப் பிரணவும் நிஷாவும் வந்து இறங்கினார்கள். நிஷாவின் அத்தை, "இவங்களைத் தொட்டுக் கும்பிட்டுக்கோம்மா, ராசியான கல்யாணப் பொண்ணு" என்றார். நிஷா கையை நீட்டினாள். அந்தக் கை கண்ணாடியில் படுவதற்குள் நான் சின்னப் படத்தைக் கழற்றிவிட்டேன். "கண்ணாடி விரிசல்" என்றேன். அதுவும் பொய்.

அதை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். ஹம்மாத் விருந்தினர்களைப் பார்த்துச் சிரித்தபடியே என்னைப் பார்த்தார். மணமகள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, பழம் நறுக்கும் கத்தியால் பின்னட்டையை நெம்பினேன். கண்ணாடி உடைந்து கையில் குத்தியது. அப்பா பின்னாலேயே வந்துவிட்டார். காரணத்தைச் சொன்னேன். அவர் கதவைத் தாழிட்டார்.

"ஆத்துல சுபகாரியம் நடக்கறச்சே பொணத்தோட படத்தைத் தூக்கிண்டு அலையறியே, நோக்கு புத்தி பிசகிடுத்தா?"

"அப்பா, அந்தப் பொணத்துக்கு நாளன்னிக்கு ஆபரேஷன்" என்றேன்.

அப்பா என் கையைப் பார்த்தார்.  பிறகு தோளில் இருந்த அங்கவஸ்திரத்தை எடுத்து, காயத்தின் மேல் கட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை.

கால் கட்டு இருக்கிறது கயல். இரண்டு கட்டை விரலும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருக்கிறது. பின்பக்கம் பென்சிலில் இப்படி எழுதியிருக்கிறது: "37. முனியம்மா எழுந்தது. அம்பி." முப்பத்தாறு படம் எடுக்கும் ரோலில் சில சமயம் முப்பத்தேழாவதாக ஒன்று விழும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ரோல் முடிந்தது என்று நினைத்தும் அவர் பட்டனை அமுக்கியிருக்கிறார். கழுவிப் பார்த்தபோதுதான் விழுந்தது தெரிந்திருக்கும். பெயர் எழுதி லாட்ஜில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் அம்மா அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அது டின்னில் கிடந்துவிட்டது.

அட்டைக்குப் பின்னால் ஒரு ஆணின் முகமும் இருந்தது. மாலையைப் பிடித்திருக்கும் கைக்குச் சொந்தக்காரர். அழுது முடிக்காத முகம். படத்தில் அண்ணனாக நடித்தவராக இருக்கலாம். இல்லை, நான் இனி எதையும் ஊகித்து எழுதப் போவதில்லை.

இந்தக் கடைசி வரிகளை ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். வார்டில் நீங்கள் இல்லை. மாத்திரை வாங்கப் போயிருப்பதாகப் பக்கத்துப் படுக்கைக்காரரோடு இருக்கும் ஜானகி அம்மா சொன்னார். அவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். உங்கள் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். காத்திருக்கலாம்தான். உங்கள் எதிரில் நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஸ்ரீரஞ்சனி


12 பிப்ரவரி 2025

மேடம்,

படம் கிடைத்தது. நேற்றுக் காலை ஏழரை மணிக்கு அம்மா தானாகவே படுத்தாள்.

இன்னும் எழுந்திருக்கவில்லை. ஐசியூ வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை.

கயல்


மயிலாப்பூர்
18 பிப்ரவரி 2025

கயல்,

ஆறு நாளாகத் தபால்காரரை வாசலிலேயே பிடித்துக்கொள்கிறேன். அவர் இப்போது என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை விரித்துவிடுகிறார். உங்கள் எண்ணும் என்னிடம் இல்லை. நேற்று ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தேன். வார்டில் அந்தப் படுக்கையில் வேறு யாரோ இருந்தார்கள். ஜானகி அம்மாவும் இல்லை. நர்ஸிடம் கேட்கப் போனேன். அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்று கேட்காமலே திரும்பி, கால் போன போக்கில் மவுண்ட் ரோடு வரை நடந்தேன். நல்லதோ கெட்டதோ, ஒரு வரி எழுதுங்கள்.

ஹம்மாத் அழைத்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். புத்தகத்தில் என் பெயரை எடுத்துவிடுவதாக ரிசப்ஷன் அன்றைக்கே சொல்லியிருந்தார். விஷயம் என்னவென்றால், கலர் படத்தையும் அவரே கழற்றிவிட்டாராம். "அந்தக் காசைத் தெரிஞ்சுக்கிட்ட பெறகு எனக்கு அந்தச் செவப்பைப் பாக்க முடியல மேடம்" என்றார். இப்போது சுவரில் இரண்டு ஆணிதான் இருக்கின்றன. வருகிறவர்கள் எல்லோரும் எங்கே அந்தப் பெண் என்று கேட்கிறார்களாம். "அவங்க சம்மதிச்சா திரும்ப மாட்டலாம். கீழ என்ன வேணும்னாலும் எழுதுங்க, நெஜத்தையே எழுதுங்க, வர்றது வரட்டும்" என்றார்.

என்ன எழுதுவது என்று இந்த முறை நான் முடிவு செய்யமாட்டேன். உங்கள் அம்மா சொல்லட்டும். அவர் சொல்லும் நிலையில் இருக்க வேண்டும் என்றுதான் கபாலி கோயில் குளத்தை தினமும் மூன்று சுற்று சுற்றுகிறேன். வேண்டுதல் இல்லை. வீட்டில் உட்கார முடியவில்லை.

ஸ்ரீரஞ்சனி


பெரும்பாக்கம்
2 மார்ச் 2025

ஸ்ரீரஞ்சனி அக்காவுக்கு,

அம்மா எழுந்துவிட்டாள். உங்களை இத்தனை நாள் அலையவிட்டதற்கு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். ஐசியூவில் ஒன்பது நாள், அப்புறம் வேறு வார்டு. பேனாவை எடுக்கவே நேரமில்லை. நேற்றுத்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இப்போது என் பக்கத்தில் காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறாள். நன்றாகக் குறட்டை விடுகிறாள். நடுவில் குறட்டை நின்றால் எனக்குப் பதறுகிறது. பழக்கதோஷம், இரண்டு மாசமாக ஓடியே வந்தவள், நிற்கத் தெரியவில்லை.

பத்தாம் தேதி சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

படத்தை வாங்கினதும் அம்மா முதலில் காலைப் பார்த்தாள். கட்டு இருந்தது. நெற்றியைத் தடவினாள். பின்பக்கத்தைத் திருப்பி என்னைப் படிக்கச் சொன்னாள். "முனியம்மா எழுந்தது" என்று படித்தேன். இன்னொரு தடவை படி என்றாள். மூன்று தடவை படித்தேன். பிறகு மறுபடி திருப்பினாள். ஓரத்தில் நிற்கிற ஆளிடம் போய் அவள் விரல் நின்றுவிட்டது.

"இதாருன்னு தெர்தா?" என்றாள்.

"யாரோ கூட நடிச்சவரா?" என்றேன்.

"உங்க நைனாடி."

அக்கா, எனக்கு நாற்பத்தைந்து வயசு. கடையில் தினம் நூறு முகத்தைப் பார்க்கிறேன். என் அப்பாவின் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். என் மூக்கு அவருடைய மூக்கு. அழுதேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

நாற்பத்து மூன்று வருஷமாக அம்மா எனக்குச் சொல்லாத பாதியை அன்றைக்குத்தான் சொன்னாள். அவள் பிணமாகப் படுப்பது அப்பாவுக்குப் பிடிக்காது. போகக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாராம். அவள் நர்ஸ் வேஷம் என்று பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எதிரேதானே துறைமுகம். சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும், பெண்டாட்டி நர்ஸ் டிரெஸ்ஸில் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க அப்பா படியேறி வந்துவிட்டார். கூடத்தில் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து அழுகிறார்கள், நடுவில் மாலையோடு அம்மா. கேமரா, லைட் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. உள்ளே விழுந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார்.

அம்மா ஒன்றரை நிமிஷம் தாக்குப்பிடித்தாளாம். ஷாட் முடியவில்லையே! "கட்" என்றதும் எழுந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கேமராவுக்காகச் சிரித்தது இல்லை. அந்தச் சிரிப்பைத்தான் நீங்கள் வாய்விட்டு என்று எழுதினீர்கள். எழுந்த வேகத்தில் மாலை நழுவி விழுந்தது. அம்பி, "மாலையோட சிரிக்கணும், மாட்டுங்கப்பா" என்று கத்தினார். பக்கத்தில் இருந்தது அப்பாதான். அழுகையும் அடங்காமல் கோபமும் அடங்காமல் மாலையை எடுத்து அவள் கழுத்தில் போட்டார். போட்டுவிட்டு, "இன்னொரு தபா செத்தேன்னு வெச்சுக்கோ, நானே உன்ன கொன்னுடுவேன்" என்றாராம். அதைச் சொல்லும்போது அம்மாவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு வாங்கியது. டியூட்டி நர்ஸ் வந்து எங்கள் இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் போனார்.

அப்புறம் ஒரு வாரம் அப்பா பேசவில்லையாம். அவர் போனதற்கு அந்தப் பொய்தான் காரணம் என்று இவளுக்குள் உட்கார்ந்துவிட்டது. போட்டோ எடுக்காததை மட்டும் எனக்குச் சொல்லி, பொய் சொன்னதை மறைத்துவிட்டாள். எனக்கு அவள் மேல் கோபம்கூட வரவில்லை.

மறுநாள் டிராலியில் படத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டே படுத்தாள். உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாங்கிக் கொடுத்தார்கள். நெஞ்சு வரைக்கும் துணியை இழுத்தபோது, "கயலு, எய்ந்தொடனே போட்டோ எட்கணும். சொல்ட்டேன்" என்றாள். எனக்கு ஐசியூவில் அனுமதி இல்லை. நான்காம் நாள் கண் முழித்து, வாயில் குழாயை எடுத்ததும், நர்ஸ் பெண்ணிடம் கையைக் கட்டம் மாதிரி காட்டிக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் தன் போனில் எடுத்து எனக்கு அனுப்பியது. பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மாலை இல்லை, காசு இல்லை, இப்போது அந்தப் பல்லும் இல்லை. சிரிப்பைப் பாருங்கள்.

ஹம்மாத் சார் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். பிணம் என்று நிஜத்தை எழுதலாமா என்று கேட்டேன். நாம் இரண்டு மாசம் சண்டை போட்டது அதற்குத்தானே. அம்மா படத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "எங்க ரெண்டு பேர் வூட்லயும் ஒத்துக்கல. முண்டகக்கண்ணி அம்மன் கோயில் வாசல்ல மஞ்சக் கயிறு கட்னாரு, அவ்ளோதான். மால போடல, போட்டோ எட்கல. அவர் என் கழுத்துல மால போட்டது அந்த ஒரு வாட்டிதான். கால் கட்டு தெரியட்டும். கல்யாணம்னே இருக்கட்டும்." அங்கே கல்யாணம் பண்ண வருகிறவர்கள் பயப்படுவார்களே என்றேன். "செத்து எய்ந்து சிரிச்சிகினு கீறா ஒருத்தி. அதவிட இன்னா ராசி வோணுமாம் அவங்களுக்கு?" என்றாள்.

அசலைத் தரமாட்டோம். அது இனி எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும். கோடம்பாக்கத்தில் நல்ல காப்பி ஒன்று போட்டு, கால் கட்டிலிருந்து அப்பா முகம் வரைக்கும் எதையும் வெட்டாமல் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். கலர் அடிக்க வேண்டாம். உங்கள் அப்பா கொடுத்த அங்கவஸ்திரம் பையோடு எங்களிடம் வந்துவிட்டது. ரத்தக் கறை போகத் துவைத்து அதையும் வைத்திருக்கிறேன். அவரிடம் அம்மா வணக்கம் சொல்லச் சொன்னாள்.

நீங்கள் எழுதினது அப்படியே இருக்கட்டும் அக்கா. முதல் திருமணம் என்பதும் இருக்கட்டும், எட்டணாவும் இருக்கட்டும். மணப்பெண் யாரென்று தெரியவில்லை, மணமகன் பெயரும் தெரியவில்லை என்று போட்டிருந்தீர்களே, அதையும் அந்த ஒரு கை வரியையும் மட்டும் திருத்தினால் போதும்.

மணப்பெண் பெயர் முனியம்மாள். மணமகன் பெயர் சின்னப்பையன்.

இப்படிக்கு,
சி. மு. கயல்